பிக்வான் எழுந்து வீட்டுக்குப் போன படம்

1922ஆம் ஆண்டு அக்டோபரில், ஹார்லன் பெக்வித் என்ற நடிகரின் முகத்தில் பூசிய மஞ்சள் அரிதாரம் கழுவக் கழுவப் போகாமல் நின்றுவிட்டது. முதலில் களிம்பு தடவித் துடைத்தார்கள், பிறகு மண்ணெண்ணெய், பிறகு எலுமிச்சம்பழமும் உப்பும். கடைசியாக ஒரு தோல் வைத்தியர் வந்து ஏதோ அமிலத்தைத் தொட்டுப் பார்த்து, தன் விரலைச் சுட்டுக்கொண்டு போனார். கண்ணோரத்தை மேலே இழுத்து ஒட்டியிருந்த மீன்தோல் பட்டையும் தோலோடு தோலாகிவிட்டது. பட்டை எங்கே முடிகிறது, ஹார்லன் எங்கே தொடங்குகிறார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் பத்திரிகைகள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சீனர்கள் குடியிருந்த அபபிளாசா தெருவில் மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே வாரம் முட்டைக்கோஸ் விலை சரிந்திருந்ததால் தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். பேசி முடித்துவிட்டு எழும்போது, மோய் வீட்டுப் பெண்ணின் வாய் அப்படிப்பட்டது என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள்.

மோய் வீட்டுப் பெண்ணின் பெயர் பிக்வான். அப்பா மோய் ஹின், குதிரை வண்டியில் காய்கறி விற்பவர். அம்மா அவளுக்குப் பல் முளைக்கும் முன்பே போய்விட்டாள். பிக்வான் பதினைந்து வயதிலிருந்து சினிமாவில் வேலை பார்த்தாள், அவளுடைய வேலை சாவது. ஊமைப்படக் காலம் அது. வெள்ளைக்காரக் கதாநாயகன் கப்பலில் வருவான், இவள் அவனைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கிவிடுவாள், அவன் போய்விடுவான், இவள் விஷம் குடிப்பாள். இல்லையென்றால் அவன் மேல் பாய வரும் கத்தியைத் தன் மார்பில் வாங்கிக்கொள்வாள். இல்லையென்றால் கடலில் நடந்து போவாள். அவன் இவளை முத்தமிட்டால் ஊரே கொதித்துப்போகும், கட்டிக்கொண்டால் சட்டமே சும்மா இருக்காது. ஆகையால் கடைசி ரீலில் அவன் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கையைப் பிடிக்க வசதியாக, இவள் அதற்கு முந்தைய ரீலில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பிக்வான் நன்றாகச் செத்தாள். கண் மூடும்போது இமை துடிக்காது, விழும்போது தலைமுடி கலையாது. பெரிய கதாநாயகிகளே அவள் சாவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டுத் தங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

இதையெல்லாம் மெயின் தெருக் கொட்டகையின் மாடியிலிருந்து எங்கள் ஜனங்கள் பார்த்தார்கள். கீழே எங்களுக்கு இடம் கிடையாது. ஒரு பெண் திரும்பத் திரும்பச் சாவதை ஒரு தெரு முழுக்கப் பார்த்தால் அதன் பலன் தெருவில்தான் தெரியும். கருவாட்டுக் கடைக்காரர் மீதிச் சில்லறையை அவள் கையில் கொடுப்பதை நிறுத்தி, பலகை மேல் வைத்துத் தள்ள ஆரம்பித்தார். பிள்ளைகள் பின்னால் குனிந்து வந்து அவள் கால் தரையில் படுகிறதா என்று பார்த்தன. கல்லறைத் திருநாளில் யாரோ அவள் பெயருக்கும் ஒரு கட்டு ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் போனார்கள். அந்த வருடத்திலிருந்து பிக்வானின் கைகள் கோடையிலும் சில்லென்றிருந்தன. அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மூலிகைக் கடையில் வேலை பார்த்த ஸீட் வாலிம் என்பவனை அவள் விரும்பினாள், அவனும் அவளை விரும்பினான். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகை மாடியில் எழுந்து நின்று, திரையில் வரும் ஆங்கில எழுத்து அட்டைகளை தென்சீனத்தில் எங்கள் ஊரான தோய்சானின் பேச்சில் உரக்கச் சொல்வது வாலிமின் வேலை. படத்தில் பிக்வானுக்கு எழுதியிருக்கும் ஆங்கிலம் நொண்டும். 'நான் சின்னப் பூ. நீ பெரிய எஜமான். நான் ரொம்பக் காதல்' என்று இருக்கும். வாலிம் அதைப் படித்துவிட்டு, அவள் நேரில் பேசினால் எப்படிப் பேசுவாளோ அப்படி, நாலு வார்த்தை சுருக்கென்று சொல்வான். தன் வாயில் வராத தன் பேச்சை ஒருவன் இருட்டில் நின்று பேசுவதைக் கேட்டுத்தான் அவளுக்கு அவன் மேல் ஆசை வந்தது.

வாலிமின் அம்மா இதைக் காதில் போட்டுக்கொள்ளவே மறுத்தாள். ஸீட் வீட்டம்மாள் என்று தெருவே நடுங்கும் ஆள் அவள். வேறு எந்தக் குறை சொன்னாலும் பதில் சொல்லியிருக்கலாம், அவள் சொன்னதற்குப் பதில் கிடையாது.

"செத்தவளுக்குச் செத்தவனத்தான் கட்டி வைக்கணும், அதான் நம்ம ஊரு வழக்கம்" என்றாள். "ஃபோங் வீட்டுல போன வருஷம் காய்ச்சல்ல போனானே, அந்தப் பையன் இருக்கான். பொறந்த வருஷம் ரெண்டும் நல்லாப் பொருந்துது. வேணும்னா நானே பேசி முடிக்கிறேன்."

"அம்மா, அவ உசுரோட இருக்கா!"

"யாரு பாத்தா? நான் என் ரெண்டு கண்ணால அவ சாகறதத்தான் பாத்தேன். நீ சீட்டு வாங்கிக் குடுத்துத்தானே பாத்தேன்?"

வாலிம் நாள்கணக்கில் சாப்பிடாமல் கிடந்த பிறகு அவள் ஒரு படி இறங்கினாள். ஒரே ஒரு படத்தில் அந்தப் பெண் கடைசி வரைக்கும் உயிரோடு இருக்கட்டும், தான் மாடியில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் அவள் கையால் தேநீர் வாங்கிக் குடித்து மருமகளாக ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள். அவள் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அன்றிலிருந்து பிக்வான் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் போய் நின்று, சாகாத வேஷம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். எல்லோரும் நல்ல மனதோடு சிரித்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் 'மஞ்சள் இளவரசன்' என்ற படம் வந்தது. சீன இளவரசன் ஒருவன் பாதிரியார் மகளைக் காதலிக்கிறான். அவன் மேல் உயிரை வைத்திருக்கும் அடிமைப் பெண் குத்திக்கொண்டு சாகிறாள். கடைசி ரீலில் இளவரசன் முகத்தைக் கழுவினால் உள்ளே வெள்ளைத் தோல். அவன் சின்ன வயதில் காணாமல்போன கப்பல் தலைவன் மகனாம், அதனால் கல்யாணத்துக்குத் தடையில்லை. அடிமைப் பெண் பிக்வான், இளவரசன் ஹார்லன், பாதிரியார் மகளாக வந்தவள் லெனோர் ஆஷ்பி. லெனோர் ஹார்லனுக்கு நிஜத்திலும் நிச்சயிக்கப்பட்டவள். சீனனாக நடிக்கச் சீனனைப் போடலாமே என்று யாரும் கேட்கவில்லை. லெனோரின் இடுப்பை அணைக்கும் கை எது என்று நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஹார்லன் தன் தொழிலில் சிரத்தை உள்ளவர் என்று பெயர். சீனர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று படிப்பதற்காக பிக்வானின் அப்பாவைப் படப்பிடிப்புக்குக் கூட்டிவரச் சொன்னார். மோய் ஹின் தன் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். விளக்குகளைப் போட்டு, எல்லோரும் சுற்றி நிற்க, அவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொன்னார்கள். திரும்ப நடக்கச் சொன்னார்கள். மோய் ஹின்னுக்கு இடது கால் விந்தும். குதிரை உதைத்த கால். ஹார்லன் அவருக்குப் பின்னாலேயே அதே மாதிரி விந்தி விந்தி, இல்லாத அங்கியின் அகலச் சட்டைக்கைகளுக்குள் கைகளைச் செருகிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி நடந்து காட்டினார். தச்சர்கள், விளக்குக்காரர்கள், லெனோர் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து மோய் ஹின்னும் சிரித்தார், இன்னும் ஒரு தரம் நடக்கட்டுமா என்று கையால் கேட்டார். பிக்வான் அதைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பை, அப்பாவின் சிரிப்பைத்தான், அவளால் சாகும்வரை மன்னிக்க முடியவில்லை. குதிரை ஒரு மனிதனை உதைத்ததை ஒரு தேசத்தின் நடை என்று ஹார்லன் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு பத்து வருடம், படங்களில் வந்த எல்லாச் சீனர்களும் இடது காலை விந்தினார்கள். நல்ல காலோடு துணை வேஷத்துக்குப் போன எங்கள் பையன்களையும், சீனன் மாதிரி நட என்று அதட்டினார்கள்.

மறுநாள் காதல் காட்சி. அடிமைப் பெண் இளவரசனின் காலடியில் உட்கார்ந்து, தன் மனதைத் திறந்து சொல்ல வேண்டும். இயக்குநர் கிரம்லி, வாயில் சுருட்டோடு, பொதுவாக நல்லவர். "உன் பாஷையிலேயே எதையாவது பேசும்மா. யாருக்குக் கேக்கப்போகுது? உதடு நிஜமா அசைஞ்சா பாக்க நல்லாருக்கும்" என்றார். கேமரா சுழன்றது. பிக்வான் ஹார்லனின் மஞ்சள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். அவள் கண்களில் நீர் தளும்பியது, அது நிஜக் கண்ணீர், கோபத்தில் வந்தது.

"எங்கப்பன் மூஞ்சிய எடுத்து மாட்டிக்கிட்ட இல்ல?" என்றாள் தோய்சான் பேச்சில், தேன் மாதிரி. "இனி கழட்டவே முடியாமப் போகட்டும். இதோடயே தூங்கு, இதோடயே பொண்ணு கட்டப் போ, இதோடயே போலீஸ்ல மாட்டி நில்லு. எந்தத் தண்ணிக்கும் இது போகக் கூடாது. நாசமாப் போறவனே, அந்தக் காலும் உனக்கே இருக்கட்டும்."

கிரம்லி சுருட்டை எடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹார்லன் கூட நெகிழ்ந்துபோனார். அரிதாரம் அன்று மாலை வழக்கம்போலக் கழன்று வந்தது, முகம் கழுவும் காட்சியும் நல்லபடியாக முடிந்தது. வாயால் ஒரு தரம் விடும் சாபத்துக்கு அவ்வளவுதான் பலம். அது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், இல்லாவிட்டால் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரரும் உயிரோடு இருந்திருக்க மாட்டார்.

படம் வந்தபோது மெயின் தெருக் கொட்டகை நிரம்பி வழிந்தது. காதல் காட்சியில் எழுத்து அட்டை விழுந்தது. வாலிம் எழுந்து, 'எஜமானே, இந்தச் சின்ன அடிமை உங்கள் காலடித் தூசி' என்று படித்தான். படித்துக்கொண்டே திரையில் அவள் உதட்டைப் பார்த்தான். குரல் பாதியில் நின்றது. மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் தோய்சான்காரர்கள். கேட்காத பேச்சை உதட்டில் பார்த்துப் புரிந்துகொள்வது அவர்களுக்குப் பழக்கம், சலவைக்கூடத்து இரைச்சலில் வேறு எப்படிப் பேசுவது? கடைசி வரிசையில் ஒருவர் முதலில் செருமினார். பிறகு மாடியே இடிந்துவிழும்படி சிரித்தது. கீழே வெள்ளைக்காரச் சீமாட்டிகள் கைக்குட்டையை நனைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த மஞ்சள் ஜனங்களுக்கு இதயமே கிடையாது என்று ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

அந்தப் படம் நானூறு கொட்டகைகளில் ஓடியது. மத்தியானம், சாயங்காலம், விடுமுறை நாளில் காலையிலும். ஒவ்வொரு ஆட்டத்திலும் பிக்வான் ஹார்லனின் முகத்தை ஏந்திக்கொண்டு அதே சாபத்தை அதே கண்ணீரோடு முதலிலிருந்து விட்டாள். எந்தக் கிழவியும் ஒருவனை இத்தனை ஊரில் இத்தனை தடவை சபித்ததில்லை. ஹார்லன் அடுத்த படத்துக்காகச் சோதனை ஒப்பனை போட்டுக்கொண்டு உட்கார்ந்த அன்று சாபம் பலித்தது.

முதல் மாதம் அவர் வெளியே வரவில்லை. இரண்டாம் மாதம் வந்தார். வழக்கமாகச் சாப்பிடும் உணவகத்தில் அவரைச் சமையலறை வழியாக வரச் சொன்னார்கள். லெனோர் அவர் அருகில் வந்தால் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாள். படத்தில் அதே முகத்தை மார்பில் சாய்த்துக்கொண்டவள்தான். அப்போது அது நடிப்பு, இப்போது பார்க்க நிஜம் மாதிரி இருக்கிறது என்றாள். ஆனாலும் அவளுடைய தகப்பனார் வற்புறுத்தியதால் கல்யாணத்துக்குப் பதிவு செய்யப் போனார்கள். அலுவலகத்தில் இருந்தவர் ஹார்லனின் முகத்தைப் பார்த்தார், லெனோரின் முகத்தைப் பார்த்தார், சட்டப் புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டார். மங்கோலிய இனத்தவரும் வெள்ளையரும் மணந்துகொள்ளக் கூடாது என்று அதில் இருந்தது. லெனோர் சட்டத்தை மதிப்பவள், மோதிரத்தை அங்கேயே கழற்றிக் கொடுத்தாள். வசந்த காலத்தில் அலமேடா தெருவில் குடியேற்ற அதிகாரிகள் சீனர்களை மடக்கிக் குடியிருப்பு அனுமதிச் சீட்டு கேட்டபோது ஹார்லனும் மாட்டினார். "நான் ஓஹையோக்காரன்!" என்று கத்தினார். "உங்க ஆளுங்க எல்லாருமே ஓஹையோதான்" என்றார் அதிகாரி. கம்பெனி போய் அவரை மீட்டுவந்தது. ஆனால் சீட்டில்லாமல் வெளியே விட முடியாது என்பதால் ஒரு சீட்டு எழுதித்தான் கொடுத்தார்கள். அதில் பெயரை ஹார் லன் என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தது.

ஹார் லன் இடது காலை விந்திக்கொண்டு அபபிளாசா தெருவுக்கு வந்துசேர்ந்தார். வேறெங்கும் சோறு போட ஆளில்லை. தெருமுனைக் கஞ்சிக் கடையில் உட்கார்ந்து உப்பு மீனை முள்ளோடு மென்றார். அவர் உட்கார்ந்த மேசையில் யாரும் உட்காரவில்லை. கொட்டகை மாடியைப் பெருக்கும் கிழவர் மட்டும், தன் முகத்துக்கு என்ன வந்தது என்று ஹார்லன் கேட்டபோது, அந்தச் சாபத்தை ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். கேட்டவனுக்குச் சொல்வது மரியாதை என்பது அவர் கட்சி. ஹார்லன் நேராக மோய் வீட்டுக்கு வந்தார். மோய் ஹின் வண்டியில் பாகற்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே பக்கம் விந்திக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். மோய் ஹின் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்னைக் குதிரை உதைச்சது, உன்னை யாரு உதைச்சது என்று கேட்டார். ஹார்லனுக்கு அது புரியவில்லை.

பிக்வானுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும், எழுத்து அட்டைகளில்தான் அது நொண்டியது.

"இத எடுத்துடு" என்றார் ஹார்லன். "உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்? உங்க ஜனங்கள நான் மரியாதையாத்தான் காமிச்சேன். இளவரசனாக் காமிச்சேன்!"

"எங்க மூஞ்சி உங்களுக்கு இளவரசன்னா, இருந்துட்டுப் போகட்டுமே. ஏன் அழுவுறீங்க?"

"நான் மனுஷன். என்னால இப்படி வாழ முடியாது."

"எங்கப்பா வாழுறாரு. வழிய விடுங்க, வண்டி போகணும்."

அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று மிஷன் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தேடிப் பார்த்தாள், இருந்த இடத்தில் கோபம்தான் இருந்தது. கோபம் வெதுவெதுப்பாக இருந்தது, சில்லிட்ட கைகளுக்கு அது ஒத்துக்கொண்டது.

ஹார்லன் மேல் கம்பெனி கொட்டியிருந்த பணம் அதிகம். அதனால் கிரம்லி மோட்டார் வண்டியில் அபபிளாசா தெருவுக்கு வந்தார். வந்த விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். படத்தில் போட்ட சாபத்தைப் படத்தில்தான் எடுக்க முடியும் என்று அவர்களே யோசித்துக் கண்டுபிடித்திருந்தார்கள். 'பவள மாளிகை' என்று புதுப் படம். அதிலும் லெனோர், அதிலும் அடிமைப் பெண், அதிலும் காதல் காட்சி, அதிலும் கடைசியில் முகம் கழுவுவது. அதில் அவள் சாபத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டால் போதும்.

"எடுத்தா எனக்கு என்ன?" என்றாள் பிக்வான்.

"என்ன வேணும்?"

"நான் சாகக் கூடாது. கடைசி ரீல்ல, கடைசிக் காட்சியில, நின்னுக்கிட்டு இருக்கணும்."

கிரம்லி சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "என் அம்மா மேல சத்தியம்" என்றார். அன்று சாயங்காலமே வாலிம் தன் அம்மாவிடம் ஓடினான். ஸீட் வீட்டம்மாள் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டே, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். பிக்வான் அன்று கண்ணாடி முன் நின்று நல்ல வார்த்தைகளைச் சொல்லிப் பழகினாள். ஹார்லனின் முகத்தைக் கழுவிக் கொடுத்துவிடலாம், அதற்குப் பதில் தனக்கு ஒரு வீடு. பேரம் மோசமில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது.

இந்த முறை கம்பெனி ஏமாறத் தயாரில்லை. அவள் சொல்வதைக் கவனிக்க பாதிரியார் பிங்கம் என்பவரை வரவழைத்து கேமரா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவர் பீகிங்கில் இருபது வருடம் இருந்தவர், சீன மொழியில் பிரசங்கமே செய்வார். பீகிங் பேச்சுக்கும் தோய்சான் பேச்சுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கம்பெனியில் யாருக்கும் தெரியாது. பிக்வான் வணக்கம் சொன்னபோதே பாதிரியாருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அதை ஒப்புக்கொள்ள அவர் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அவர் பதிலுக்குக் கனிவாகத் தலையாட்டினார்.

ஒப்பனை அறையில் உடைக்காரம்மாள் பிக்வானுக்கு இரண்டு உடைகளை எடுத்துக் காட்டினாள். "இது காதல் காட்சிக்கு. இந்த வெள்ளை, விஷம் குடிக்கிறதுக்கு. பின்னாடி ஊசி குத்தியிருக்கு, படுக்கும்போது பாத்துப் படு" என்றாள். பிக்வான் வெள்ளை உடையைக் கையில் பிடித்துக்கொண்டு கிரம்லியிடம் போனாள். அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. ஜனங்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கதைக்கு அது வேண்டியிருக்கிறது, செத்தால்தான் அவர்களுக்கு அவள் மேல் அன்பு வரும் என்று தன் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினார். அடுத்த படத்தில் பார்க்கலாம் என்றார். பிக்வான் சரி என்றாள். சரி என்று சொல்லும்போது அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

கேமரா சுழன்றது. மாளிகை, காகிதத் தாமரைகள், தூபம். ஹார்லனுக்கு ஒப்பனையே தேவைப்படவில்லை. அவர் முகம் கெஞ்சிக்கொண்டிருந்தது, அதுவும் காட்சிக்குப் பொருத்தமாகவே இருந்தது. பிக்வான் அந்த முகத்தைக் கையில் ஏந்தினாள். பிறகு அவருடைய தோளுக்கு மேலாக, கேமராவுக்குள், எங்கோ இருக்கும் ஒரு மாடியைப் பார்த்துப் பேசினாள்.

"இவனுக்குப் போட்டது போட்டதுதான், நான் எடுக்கல. வாலிம், நீ பாத்துக்கிட்டு இருப்ப, உங்கம்மாவும் பக்கத்துல இருப்பாங்க. அவங்ககிட்டச் சொல்லு. இப்ப ஒரு கிண்ணத்துல குடுப்பானுங்க, குடிப்பேன். படுக்கச் சொல்லுவானுங்க, படுப்பேன். அது அவங்க கதை. நான் சாக மாட்டேன். எந்திரிச்சு வீட்டுக்கு வரேன். அரிசி ஊற வைக்கச் சொல்லு."

கிரம்லி பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மிகவும் உருக்கமான மன்னிப்பு, வேதத்திலிருந்தே எடுத்துச் சொல்லியிருக்கிறாள் என்றார். மத்தியானம் பிக்வான் வெள்ளை உடுத்தி, விஷம் குடித்து, இமை துடிக்காமல் செத்தாள். அதற்கான கூலியையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஹார்லனின் முகம் வெளுக்கவில்லை. முகம் கழுவும் காட்சிக்கு வேறு ஒருவனைப் பிடித்து, கேமராவுக்கு முதுகு காட்டி நிற்க வைத்து ஒப்பேற்றினார்கள். படத்தை வெளியிட்டார்கள். முதல் ஞாயிறே ஸீட் வீட்டம்மாள் மாடியில் முன்வரிசைக்கு வந்து, தர்பூசணி விதைப் பொட்டலத்தை மடியில் பிரித்து வைத்துக்கொண்டாள். காதல் காட்சியில் அட்டை விழுந்தது. 'எஜமானே, உங்களுக்காகச் சாவது இந்தச் சின்னப் பூவுக்குச் சந்தோஷம்.' வாலிம் எழுந்தான், அட்டையைப் படிக்கவில்லை. அவள் உதட்டைப் பார்த்து, அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே, கீழே இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னான். அரிசி என்று வந்தபோது அவன் குரல் உடைந்தது. அவன் அம்மா விதை கொறிப்பதை நிறுத்தவில்லை.

பிக்வான் குடித்தாள். படுத்தாள். முதுகு காட்டி நின்ற கதாநாயகன் தொப்பியைக் கழற்றினான், லெனோர் அவன் தோளில் சாய்ந்தாள். முடிந்தது என்ற அட்டை விழுந்தது. அட்டை போன பிறகும் திரையில் வெளிச்சம் நின்றது. கட்டிலில் கிடந்த பிக்வான் கண்ணைத் திறந்தாள், எழுந்து உட்கார்ந்தாள், முதுகில் குத்திய ஊசியை உருவித் தலையணையில் செருகினாள். கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடினாள், ஒன்றுதான் கிடைத்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, கட்டிப்பிடித்து நின்ற இருவரையும் தோளால் ஒதுக்கிவிட்டு, திரையின் இடது பக்கமாக நடந்து வெளியே போனாள். காலி மாளிகை கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு விளக்கைப் போட்டார்கள்.

ஃப்ரெஸ்னோவிலும் சிகாகோவிலும் இன்னும் எல்லா ஊர்களிலும் அப்படித்தான் நடந்தது. கொட்டகைக்காரர்கள் புகார் செய்தார்கள். கம்பெனி அவள் எழுந்திருக்கும் பகுதியை வெட்டப் பார்த்தது, சுருளில் அப்படி ஒரு பகுதியே இல்லை. சாவையே வெட்டினார்கள். அப்போது அவள் குடிப்பதற்கு முன்பே கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனாள், கதை யாருக்கும் புரியவில்லை. பழையபடியே ஒட்டினார்கள். சில மாதத்தில் ஜனங்கள் பழகிவிட்டார்கள். அவள் வெளியேறும்வரை தொப்பியை மாட்டாமல் உட்கார்ந்திருப்பது சில ஊர்களில் மரியாதையாகிவிட்டது. கிரம்லி அதற்குப் பிறகு அவளுக்கு வேலை கொடுக்கவில்லை. ஹார் லன் தொடர்ந்து நடித்தார், வில்லனின் கையாளாக, துணை வேஷச் சம்பளத்துக்கு. எந்தப் படத்திலும் அவர் ஐந்தாம் ரீலைத் தாண்டியதில்லை. நன்றாகச் செத்தார் என்று சொல்ல முடியாது, இமை துடிக்கும்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஸீட் வீட்டம்மாள் தன் வீட்டுக்குத் திரும்பியபோது பிக்வான் வாசலில் நின்றிருந்தாள். அவள் அன்றைக்குக் கொட்டகைக்கே போகவில்லை, அப்பாவோடு வண்டியில் இருந்தவள், வாலிம் வந்து கூப்பிட்டதும் வந்திருந்தாள். ஆனால் ஒரு காலில் செருப்பு இல்லை, எங்கே விட்டாள் என்று அவளுக்கும் தெரியவில்லை. ஸீட் வீட்டம்மாள் அவள் காலைப் பார்த்தாள். கருவாட்டுக் கடைக்காரர் உட்படத் தெருவே வேறு எதையோ பார்ப்பதுபோல் அங்கே நின்றது. இவ்வளவு செய்தும் இந்த அம்மாள் இல்லை என்றால் தான் நிஜமாகவே செத்துவிடுவோம் என்று பிக்வானுக்குத் தோன்றியது.

"என்ன செத்தவ மாதிரி நிக்கிற?" என்றாள் ஸீட் வீட்டம்மாள். "கொட்டகைக்குப் போறப்பவே ஊற வச்ச அரிசி அப்படியே கெடக்கு. உள்ள வந்து களை."

மறுமாதம் பிக்வான் முட்டிபோட்டுத் தேநீர் கொடுத்தாள். ஸீட் வீட்டம்மாள் வாங்கிக் குடித்துவிட்டு, சூடு பத்தவில்லை என்றாள். கருவாட்டுக் கடைக்காரர் மீதிச் சில்லறையை அவள் கையில் கொடுத்தார். கை வெதுவெதுப்பாக இருந்ததாக வீட்டில் சொன்னாராம்.

'பவள மாளிகை' அதற்குப் பிறகும் மெயின் தெருவில் அவ்வப்போது ஓடியது. ஓடும்போதெல்லாம் ஸீட் வீட்டம்மாள் போவாள். விஷம் குடிக்கும் இடத்தில் பக்கத்தில் இருப்பவர்களை முழங்கையால் இடித்து, என் மருமகள் என்பாள். முடிந்தது என்ற அட்டை விழும்போது விதைப் பொட்டலத்தை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எழுந்துவிடுவாள். இருந்து முழுக்கப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

"எப்படி இருக்கறது? சாவி எங்கிட்டல்ல இருக்கு. அவ வந்து வாசல்ல நிப்பா."